கேன்சர் போயிடுச்சு, மத்ததெல்லாம் வயசா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மருத்துவப் பக்கத்துல கேன்சர சீக்கிரம் கண்டுபிடிக்கறது பத்தி நிறைய போடறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா எல்லாக் கட்டுரையும் "குணமானார்"ங்கற எடத்துல நின்னுடுது, அதுக்கப்புறம் வீட்ல நடக்கறத யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

எங்கம்மாவுக்கு 70 தாண்டியாச்சு. மார்புல கட்டி, ஆபரேஷன், கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) வெச்சதுன்னு எல்லாம் முடிஞ்சு செக்கப்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா உள்ளங்கால் மரத்துப் போய் செருப்பு கழண்டாக்கூட தெரியல, ஜாக்கெட் ஊக்கு மாட்ட விரல் ஒத்துழைக்கல. போற எடமெல்லாம் "சுகர் இருக்குல்ல, வயசாயிடுச்சுல்லம்மா" அவ்ளோதான் பதில். பேக்லிடாக்சல் மாதிரி கீமோ மருந்து நரம்பக் கெடுக்கும், ஏற்கெனவே சுகர் இருந்தா இன்னும் ஜாஸ்தியாவே கெடுக்கும், இத அப்புறமா வேற ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டோம். எரிச்சலும் வலியும் தாங்கலன்னா டுலாக்சிடின்னு ஒரு மாத்திரை இருக்காம், மரப்பு போறது கஷ்டம், வலி கொஞ்சம் கொறையலாம்னாரு. இதுக்கு மேல கேன்சர் திரும்பி வராம இருக்க தினம் லெட்ரோசோல் மாத்திரை வேற, அது மூட்டு வலியையும் குடுத்து எலும்பையும் மெலிய வெக்குது. கால்ல உணர்ச்சி இல்ல, எலும்புல பலம் இல்ல, இந்த ரெண்டும் சேந்த ஒருத்தங்க ராத்திரி பாத்ரூம் போறப்ப வழுக்கினா இடுப்பெலும்பு என்னாகும்? எலும்பு அடர்த்தி பாக்க டெக்ஸா ஸ்கேன்னு ஒண்ணு இருக்கறதே நாங்களா கேட்டதுக்கப்புறம்தான் எழுதிக் குடுத்தாங்க.

எங்க சித்தப்பா கதை வேற. வாய்ல கேன்சர், கழுத்து வரைக்கும் கரண்ட். எச்சில் ஊறாது, ரசஞ்சாதம்கூட தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் எறங்கும், எச்சில் இல்லாததால பல்லு ஒவ்வொண்ணா சொத்தையாகுது. கரண்ட் பட்ட தாடைல பல்லப் புடுங்கினா புண் ஆறாம எலும்பே செத்துப் போகலாம், வருஷங்கழிச்சுக்கூட இது நடக்கும், அதனால பல் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லணும். கழுத்துல கரண்ட் வெச்சவங்களுக்கு நாளாவட்டத்துல தைராய்டும் கொறையும், அசதி, தூக்கம், மலச்சிக்கல், அதையும் வயசுன்னுதான் நெனச்சுப்போம், ஆனா ஒரு டிஎஸ்எச் ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும்.

டாக்டர்களக் கொற சொல்லல, ஓபில இருக்கற கூட்டத்த நானும்தான் பாக்கறேன். நான் கேக்கறது ஒரே ஒரு தாள், தமிழ்ல. என்ன மருந்து ஏறுச்சு, கரண்ட் எந்த எடத்துல எவ்ளோ வெச்சாங்க, பின்னாடி என்னென்ன வரலாம், வந்தா யாரப் பாக்கணும். இப்ப கைல இருக்கறது தலகாணி சைஸ் இங்கிலீஷ் ஃபைல், அதப் பக்கத்துத் தெரு டாக்டரே பொரட்ட மாட்டேங்கறாரு. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு பிபி, சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க, பிசியோதெரபியும் அதுல உண்டு. வர்றவங்க அப்படியே "கால் மரத்திருக்கா, கை வீங்கியிருக்கா, கீழ விழுந்தீங்களா"ன்னு கேன்சர் பாத்து முடிச்ச பெரியவங்களையும் கேட்டு எழுதிக்கிட்டா தேவல. மார்பு கேன்சருக்காக அக்குள்ல நெறிக்கட்டி எடுத்தவங்களுக்கு வர்ற கைவீக்கத்துக்கு எல்லாம் ஆரம்பத்துலயே பிசியோ போனா நல்லா கட்டுப்படும்.

அடுத்த தடவ இந்தப் பக்கத்துக்கு கேன்சர் டாக்டரோட ஒரு பல் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் சேத்து எழுதச் சொல்லுங்க சார், எழுத்து கொஞ்சம் பெருசாவே போடுங்க, அம்மாவே படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்