ஸ்பெயின் கோப்பைத் திறக்கும் முன்

அன்புள்ள நிலா,

ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போன வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை என்று முடிவு செய்துவிட்டாய். சரி. ஆனால் "வீரர்களா, ஸ்டாலினின் கைப்பாவைகளா" என்று மட்டும் தொடங்காதே. அதில் மாட்டினால் கடைசிப் பக்கம் வரை மீள முடியாது. ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள். அவருடைய காகிதங்கள் போகும் வழியில் போ.

எண்ணிக்கையில் கவனம். அந்தத் தொண்டர்கள் சேர்ந்து போரிட்ட சர்வதேசப் படையணிகளில் மொத்தம் சுமார் 35,000 வெளிநாட்டவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரே சமயத்தில் களத்தில் நின்றவர்கள் அதைவிட மிகக் குறைவு. 1938-இல் அந்தப் படையணிகளிலேயே பெரும்பாலோர் ஸ்பானியர்கள். ஆகவே 'படையணி இழப்பு' என்ற எண்ணை அப்படியே தொண்டர்களின் சாவுக் கணக்கில் எழுதிவிடாதே. அமெரிக்கர்களின் லிங்கன் தனிப் படையணி அல்ல, 15-ஆம் படையணிக்குள் இருந்த ஒரு பட்டாலியன்தான். விஷயம் தெரிந்தவர்களே அங்கே சறுக்குகிறார்கள்.

ஆட்களின் கோப்புகள் மாஸ்கோ காப்பகத்தில், 545-ஆம் தொகுப்பின் 6-ஆம் பட்டியலில் இருக்கின்றன. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறுவாய். பலர் புனைபெயரில் போனார்கள். நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹுத்தார் அங்கே 'ஜான் ஸ்மித்'. ரஷ்ய எழுத்துக்குப் போய்த் திரும்பும்போது பெயர் இன்னும் சிதையும். பிறந்த ஆண்டு, ஊர், பட்டாலியன் மூன்றும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று எழுது.

கோப்பில் வரும் நற்சான்று, துர்ச்சான்று எல்லாம் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் எழுதியவை. எதிர்த்துப் பேசியவர், குடித்தவர், களத்தை விட்டு ஓடியவர் மூவருக்கும் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கும். யாராவது பின்வாங்கினார் என்றிருந்தால் தேதியைப் பார். 1937 பிப்ரவரி 12, ஹராமா (மாட்ரிட் அருகே நடந்த சண்டை) என்றிருந்தால், அன்று பிரிட்டிஷ் பட்டாலியனின் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிப் பட்டைகளில் பொருந்தாத தோட்டாக்கள் செருகியிருந்தன. சரியான தோட்டாக்கள் வந்து, பட்டைகளில் கையால் செருகி முடிப்பதற்குள் குன்றின் மேல் இருந்தவர்களில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டார்கள். இது தெரியாமல் 'கோழை' என்ற சொல்லை எடுத்தெழுதுவது அநியாயம்.

கடவுச்சீட்டை விட்டுவிடாதே. படையணிகளின் தளமான அல்பாசெட்டேயில் வாங்கி வைத்தார்கள். பலருக்குத் திரும்பவே கிடைக்கவில்லை. 1940-இல் ஸ்டாலினின் எதிரியான ட்ரொட்ஸ்கியைக் கொன்ற ஸ்டாலினின் ஆள் பயன்படுத்தியது, ஸ்பெயினில் இறந்த ஒரு கனடியத் தொண்டருடைய கடவுச்சீட்டைத் திருத்திச் செய்தது. என்னைக் கேட்டால், இந்தச் சர்ச்சை முழுவதற்கும் இதைவிடக் கனமான ஆதாரம் இல்லை. தொண்டரின் நோக்கத்தில் களங்கம் இல்லாமலே அவர் காகிதம் கொலைக்குப் போயிருக்கிறது.

மாட்ரிட் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தப் படையணிகளுக்கு 2011-இல் வைத்த நினைவுச்சின்னத்தை அகற்றச் சொன்ன 2013 தீர்ப்பையும் சேர்ப்பாய் என்று நினைக்கிறேன். அதில் சொன்ன காரணம் கட்டுமான அனுமதி இல்லை என்பது. அரசியல் பின்னணியை அடுத்த பத்தியில் வை. ஒரே வாக்கியத்தில் கலக்காதே.

அன்புடன்,
அம்மா