41 நாள் வாய் திறக்காத பேஸ்மேக்கர் செயலி: ஒரு புகார்

செம்பூர், மும்பை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

பொருள்: என் அப்பாவின் பேஸ்மேக்கர் தகவல் 41 நாள் மருத்துவமனைக்குப் போகாததும், அதை எங்களிடம் சொல்லாததும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் அப்பாவுக்கு வயது 74. போன வருடம், இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் உங்கள் கம்பெனி பேஸ்மேக்கரை அவருக்கு இடது காறை எலும்புக்குக் கீழே பொருத்தினார்கள். உங்கள் பிரதிநிதிதான் அவர் போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தார். ராத்திரி போன் பக்கத்தில் இருந்தால் போதும், ப்ளூடூத் வழியாகத் தகவல் தானாகவே டாக்டருக்குப் போய்விடும் என்றார்.

அதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் ஒன்பதரை மணிக்குக் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைக்குட்டை விரித்து, அதன்மேல் போனைச் சார்ஜரோடு வைப்பார். ப்ளூடூத் அடையாளம் தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் விளக்கை அணைப்பார். போனிலுள்ள காந்தம் பேஸ்மேக்கரைப் பாதிக்கலாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும் என்று சொன்னதால் அப்பா சட்டைப் பையில் போன் வைப்பதையே விட்டுவிட்டார். எங்கள் பக்கம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சென்ற மாதம் செக்கப்புக்குப் போனோம். டெக்னீஷியன் நெஞ்சின்மேல் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "41 நாளா உங்க டேட்டாவே வரலையே" என்றார். பேஸ்மேக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்த நாட்களில் அப்பாவுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் பல மணி நேரம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து போனதை அது பதிந்து வைத்திருக்கிறது. அப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை. இதயத்தின் மேலறை இப்படி ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்று டாக்டர் விளக்கினார். அன்றைக்கே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கினார். ஐந்து வாரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டியது. ஏதோ கடவுள் புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை.

காரணத்தை என் தம்பிதான் கண்டுபிடித்தான். போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் உங்கள் செயலியைப் போனே நிறுத்திவிட்டது. ஆனால் செயலியைத் திறந்தால் முதல் பக்கத்தில் பச்சை டிக்! கடைசியாகத் தகவல் போன தேதி மூன்று பக்கம் தள்ளி, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அதை எப்படிப் பார்ப்பார்?

உங்கள் உதவி எண்ணில் 40 நிமிடம் காத்திருந்தேன். கிடைத்த பதில், "புது போன் வாங்கிக்கோங்க." செயலி அவசர சேவை அல்ல என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். நெஞ்சு வலித்தால் 108-ஐத்தான் கூப்பிடுவோம். ஆனால் வலியே இல்லாமல் வருவதைக் கண்டுபிடிக்கத்தானே இதைக் கொடுத்தீர்கள்? இப்படித் தூரத்திலிருந்தே விடாமல் கண்காணிப்பில் இருப்பவர்கள் நேரில் வருவதை 24 மாதம் வரைகூடத் தள்ளலாம் என்று 2023-ல் சர்வதேச நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. எங்கள் டாக்டரும் இந்தச் செயலியை நம்பித்தான் ஆறு மாதச் செக்கப்பை வருடத்துக்கு ஒன்றாக்கினார். மருத்துவமனையிலிருந்து போன் வராதவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே நாங்களும் இருந்துவிட்டோம்.

தகவல் மூன்று நாள் நின்றால் நோயாளிக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் அவரவர் மொழியில் ஒருவர் போன் செய்து சொல்ல வேண்டும். தகவல் போகாத நாளில் பச்சை டிக் தெரியக்கூடாது. அப்பாவுக்குப் போனை நம்பாத, கட்டிலோரம் வைக்கும் தனி மானிட்டரைச் செலவில்லாமல் கொடுங்கள். அப்புறம், இதே மாதிரி எத்தனை பேருக்கு நின்று போயிருக்கிறது என்று பார்த்து அவர்களுக்கும் இன்றே சொல்லுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தோண்டிப் பார்க்க ஒரு தம்பி இருக்க மாட்டான்.

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் எழுதுகிறேன். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இங்கேயே வழக்குப் போடுவேன். செயலிப் பக்கங்களின் படங்களும் செக்கப் அறிக்கையும் இணைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போன் செய்தால் தமிழ் தெரிந்தவரை அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். தான் ஏதோ தப்பாக வைத்துவிட்டதாகவே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்