பாட்டி அட்டிகையும் அந்த மெஷினும்

கண்ணு,

நீ அனுப்பிய லிங்க் பார்த்தேன். நகை கழுவுகிற அல்ட்ராசோனிக் மெஷின், விலையும் குறைவு, வாங்கலாமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. மெஷின் மோசம் என்று சொல்லவில்லை, கல் இல்லாத வெறும் சங்கிலிக்கும் வளையலுக்கும் அது நல்ல சாமான்தான், நம் பட்டறையிலேயே ஒன்று இருந்தது. ஆனால் உன் பெட்டியில் இருப்பதில் பாதி அதற்குள் போகக்கூடாதது. மரகதத்தில் விரிசல் தெரியாமல் இருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அந்த அதிர்விலும் சூட்டிலும் எண்ணெய் வெளியேறிவிட்டால் விரிசல் பல்லைக் காட்டும். முத்துக்கும் பவளத்துக்கும் அது ஆகவே ஆகாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். தங்கம் துருப்பிடிக்காது. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். உன் செயின் மங்கிவிட்டது என்கிறாயே, அது பெரும்பாலும் தங்கம் மங்கியது இல்லை, எண்ணெய், மஞ்சள், சோப்பு, வியர்வை, பவுடர் எல்லாம் சேர்ந்து ஏறிய பிசுக்கு. பிசுக்கை ஊறவைத்தால் போகும், அழுத்தித் தேய்க்க வேண்டியதே இல்லை.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும். அப்புறம் குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற டூத் பிரஷ் போதும். எல்லோரும் முகப்பையே தேய்ப்பார்கள், அழுக்கு இருப்பதோ பின்னால்: தோட்டின் அடிப்பக்கம், திருகாணியின் மரை, கொக்கி வளையம். வைரத்துக்கு எண்ணெய் என்றால் கொள்ளைப் பிரியம், அடியில் பிசுக்கு அடைத்துக்கொண்டால் எவ்வளவு நல்ல கல்லும் கண்ணாடி மாதிரி செத்துக் கிடக்கும். உன் வைரத்தோடு பின்னால் திறந்திருப்பது, அதனால் தைரியமாகப் பின்பக்கத்தில் பிரஷ் போடு. அங்கே இந்தியக் கடையில் பூந்திக்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை ஊறவைத்துக் கசக்கி அந்த நுரையில் கழுவு, நாங்கள் காலகாலமாகச் செய்தது அதுதான்.

ஒரே ஒரு விஷயம், வாஷ்பேசினில் வைத்துக் கழுவாதே. கழுவிய தண்ணீரையும் அப்படியே கொட்டாதே, டீ வடிகட்டியில் வடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டு, ஆடிக்கொண்டிருந்த கல் விழுந்திருந்தால் அதில் நிற்கும். இதைச் செய்யாமல் பைப்பைக் கழற்றித் தேடியவர்கள் ஏராளம்.

டூத்பேஸ்ட் வேண்டாம். யூடியூப்பில் ஆயிரம் பேர் சொல்லட்டும். 22 கேரட் மிருதுவான உலோகம், பேஸ்ட்டில் இருக்கிற பொடி அதைக் கீறிவிடும், அன்றைக்குப் பளபளவென்றிருந்தாலும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரமாக ஏறும். எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் முத்து, பவளம் பக்கம் போகக்கூடாது. அவை சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரித்துவிடும். முத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும், சென்ட் அடிப்பதெல்லாம் அது கழுத்தில் ஏறுவதற்கு முன்னால் முடியட்டும். நீச்சல் குளத்துக்குப் போகும்போதும் பிளீச் போட்டுப் பாத்ரூம் கழுவும்போதும் எல்லாவற்றையும் கழற்றிவிடு, குளோரின் பற்றவைத்த இடங்களைத்தான் முதலில் பலவீனமாக்கும். இன்னொன்று, முகம் வெளுக்கும் க்ரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது பட்டால் தங்கம் அந்த இடத்தில் வெள்ளையாகிவிடும். அப்படி ஆனால் பயந்துபோய் அடுப்பில் காட்டாதே, வருகிற ஆவி விஷம். தனியாகச் சுற்றி வை, இங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கொலுசு கறுத்துவிட்டது என்றாயே, அது வேறு கதை, வெள்ளி காற்றில் இருக்கிற கந்தகத்தை இழுத்துக்கொண்டு கறுக்கும். அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தின் அடியில் விரித்து, கொலுசு அதைத் தொடுகிற மாதிரி வைத்து, ஆப்பசோடா தூவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்று. அழுகின முட்டை வாடை வரும், வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கல் பதித்ததையும், வேண்டுமென்றே கறுப்பாக்கிய ஆக்சிடைஸ்டு நகையையும் இதில் போடாதே. வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியும் வைக்காதே, ரப்பரிலும் கந்தகம் உண்டு. சிதம்பரம் கவரிங் செட்டைப் பஞ்சால் துடைத்து வை, அவ்வளவுதான்.

அங்கே யாராவது பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால், எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கு. நேர்மையான ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் தங்கம் போகத்தான் செய்யும். இங்கே கோயம்புத்தூரில் பட்டறை வீதி மண்ணைக் கூட்டி அலசிப் பிழைத்தவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று நினைக்கிறாய்! வீட்டு வாசலில் வந்து கேட்கிற ஆட்களோ ராஜ திராவகத்தில் முக்கித் தங்கத்தையே கரைத்துக்கொண்டு போய்விடுவார்கள், அம்மாவிடம் இதை அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அட்டிகை. நீ கல்யாணத்துக்குப் போட ஆசைப்படுவது புரிகிறது, ஆனால் அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாட்டி காலத்துக் கெம்பு வேலையில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள். அந்தச் சிவப்பில் பாதி அடித்தகட்டின் மினுக்குதான். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும், கல்லை எடுத்துத் தகடு மாற்றாமல் நிறம் திரும்பாது, அந்த வேலை தெரிந்த கைகள் இப்போது குறைவு. சூடு பட்டால் அரக்கு இளகிவிடும். காய்ந்த மெத்தென்ற பிரஷால் தூசியைத் தட்டு, காய்ந்த துணியால் துடை, போட்டுக்கொண்டு போ. நடுப் பதக்கத்தில் ஒரு கல் ஆடுகிற மாதிரி போட்டோவில் தெரிகிறது. காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார், சத்தம் வந்தால் அன்றைக்குப் போடாதே. பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அரக்கு எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா