ஆண் கருத்தடை முகாமை மாசிக்கு மாற்றுங்கள்

டெல்டா மாவட்டக் குடும்ப நலத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வாசக்டமி (ஆண் கருத்தடை) இருவார விழாவை நாடு முழுக்க நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நடத்துகிறீர்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறையில் அது அடைமழைக் காலம். சம்பா வயலில் களை, உரம், வடிகால் என்று ஆம்பளைகள் சேற்றை விட்டுக் கரையேறாத நாட்கள். அப்போது பேனர் கட்டினால் யார் வருவார்? வந்தாலும் வம்புதான். சிகிச்சைக்குத் துளை போட்ட இடத்தில் சேற்றுத் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும்.

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி, அறுப்பும் முடிந்த பிறகு வரும் மாசிதான் நமக்குத் தோது. கொள்முதல் நிலைய லோடுமேன்களை மட்டும் மூட்டை வரத்து ஓய்ந்ததும் கூப்பிடுங்கள்.

நோட்டீஸில் "எளிய சிகிச்சை" என்று மட்டும் அடிக்காதீர்கள், நடப்பதைச் சொல்லுங்கள். விதைப்பையில் மரத்துப்போக ஊசி, ஒரு சிறு துளை. அதன் வழியே இரண்டு விந்துக் குழாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, வெட்டிக் கட்டி, உள்ளே விட்டுவிடுவார்கள். தையல் கிடையாது. அரைமணிக்குள் வேலை முடியும். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான ஜட்டி. ஒரு வாரம் சைக்கிளும் கூடாது, 40 கிலோ சிப்பமும் கூடாது. மீறினால் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். ஆண்மை குறையாது; அதற்கான ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது, இந்தக் குழாய் வழியாக அல்ல. இது நிரந்தரம், திரும்ப இணைத்தாலும் பிள்ளை உறுதியில்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கோளாறு பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். வெட்டிய இடத்துக்கு மேலே தங்கிய விந்தணு தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத் (ஆணுறை) வேண்டும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் கரு தங்கும். சந்தேகம் மனைவி மேல் விழும். எனவே விந்தணு தீர்ந்ததா என்று பார்க்கும் பரிசோதனையின் தேதி எழுதிய அட்டையும் மூன்று மாதத்துக்கான நிரோத்தும் சிகிச்சை செய்துகொண்டவர் கையிலேயே கொடுங்கள். மாசியில் செய்தால் சோதனை வைகாசியில் வரும்; ஜூன் 12 தண்ணீர் திறப்பையொட்டி எல்லாம் முடிந்துவிடும்.

தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் 0.3. கிராம செவிலியர் அடுப்படி வரை போய்ப் பெண்களிடம் பேசுகிறார். டீக்கடையில் ஆண்களிடம் பேச, கொசுப்புழு பார்க்க வரும் சுகாதார ஆய்வாளரை அனுப்பலாமே.

கடைசியாக ஒன்று. சோதனைக்கு விந்து எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். வீட்டில் எடுத்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேப் சேர வேண்டும். தூரத்து ஊர்க்காரருக்கு அது ஆகாது.