தோத்தவங்க அடுத்த கூட்டத்துக்கும் வரணும்: செயலாளர் ஆண்டறிக்கை

தோழர்களே, வணக்கம். அறிக்கை ரெண்டு வாரம் லேட்டு, மன்னிச்சுக்கோங்க. நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததுல உக்காந்து எழுத முடியல, உக்காந்த அப்புறமும் ஒரு விஷயத்த எப்படி எழுதுறதுன்னு தெரியாம நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன். அது என்னன்னு கீழ வரும்.

ஆண்டறிக்கைன்னா வழக்கமா இத்தனை கூட்டம் போட்டோம், சிறப்பா நடந்துச்சு, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றின்னு முடிஞ்சிரும். நம்ம சங்கம் ஆரம்பிச்சது அதுக்கு இல்ல. புரட்சிகர தொழிலாளி வர்க்க அரசியல் பேச ஒரு திறந்த இடம் வேணும், எந்தக் கட்சிக்காரங்களா இருந்தாலும், எந்த யூனியனா இருந்தாலும், எதுலயுமே இல்லாதவங்களா இருந்தாலும் வந்து உக்காந்து பேசலாம்னு ஆரம்பிச்சோம். அதுக்காக வெறும் அரட்டையும் இல்ல. முதலாளித்துவம் போகணும், அத போக வைக்கிறது தொழிலாளிங்க வேலை, வேற யாரும் வந்து செஞ்சு குடுக்க மாட்டாங்க, இந்த ரெண்டுல மட்டும் ஒத்துப்போனா போதும், மிச்சம் எல்லாத்துலயும் சண்டை போடலாம். 1864ல லண்டன்ல முதல் அகிலம், அதாவது பல நாட்டுத் தொழிலாளிங்க சேர்ந்த சர்வதேச சங்கம், ஆரம்பிச்சப்பவும் விதிமுறையோட முதல் வரியே தொழிலாளி விடுதலைய தொழிலாளிங்களேதான் சாதிக்கணும்ங்கிறதுதான், அந்த ஒரு வரிக்குக் கீழதான் இங்கிலாந்து யூனியன்காரங்களும், பிரான்சோட புரூதோன்ங்கிற சிந்தனையாளர் வழி வந்த ஆளுங்களும், மார்க்சும் ஒண்ணா உக்காந்தாங்க. அப்புறம் 1872ல அந்த அகிலத்தோட ஹேக் மாநாட்டுல, அரசே வேணாம்னு சொன்ன பக்கூனின வெளியேத்துனதும் நமக்குத் தெரியும். ஆக ஒண்ணா உக்கார்றதும் பழசு, பிரியுறதும் பழசு.

முதல் நாலு மாசம் உண்மையச் சொன்னா மோசம். இடம் திறந்துதான் இருந்துச்சு, வாய்தான் திறக்கல. மூத்த தோழர் ஒருத்தர் எந்திரிச்சா முக்கால் மணி நேரம், அவருக்குப் பதில் சொல்ல இன்னொரு மூத்தவர் முக்கால் மணி நேரம், நடுவுல திரிபுவாதி, சந்தர்ப்பவாதி, குட்டி முதலாளித்துவ ஊசலாட்டம்னு பட்டம் பறக்கும். காண்ட்ராக்ட் வேலை செய்றவங்க, டெலிவரி ஓட்டுறவங்க, புதுசா வந்த பொண்ணுங்க எல்லாம் செவுத்து ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு போயிருவாங்க. ஒரு தம்பி போகும்போது சொன்னான், "தோழர், இங்க வாயத் தொறக்கணும்னா முதல்ல நாப்பது புத்தகம் படிச்சிருக்கணும் போல." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா அடுத்த கூட்டத்துக்கு அவன் வரல.

அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாதுன்னு ஒரு விதி போட்டுப் பாத்தோம். வேலைக்கு ஆகல, ஏன்னா அஞ்சு நிமிஷத்த மூணு தடவ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம்தான் பழைய வரலாறு ஒண்ணு கைக்கு கிடைச்சுது. 1792 ஜனவரியில லண்டன்ல தாமஸ் ஹார்டின்னு ஒரு செருப்புத் தைக்கிற தொழிலாளி, கூட சில பேர், மொத்தம் ஒன்பது பேர் ஒரு மதுக்கடையில கூடி லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்களோட முதல் விதி என்ன தெரியுமா, உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாதுங்கிறதுதான். அரசியல் பேசுறது சொத்து உள்ளவன் வேலைன்னு இருந்த காலத்துல இந்த ஒரு வரியே பெரிய கலகம். கைத்தொழில் செய்றவனுக்கும் சின்னக் கடைக்காரனுக்கும் நாடாளுமன்ற சீர்திருத்தம் கேக்க உரிமை இருக்காங்கிற ஒரே கேள்விய அஞ்சு ராத்திரி பேசியிருக்காங்க, அப்புறம்தான் இருக்குன்னு முடிவெடுத்தாங்க. அஞ்சு ராத்திரி! நாம அஞ்சு நிமிஷ விதி போட்டுக்கிட்டு இருந்தோம்.

அதே சங்கத்துல இருந்த பிரான்சிஸ் பிளேஸ், தோல் கால்சட்டை தைக்கிறவர், அவங்க வாசிப்புக் கூட்டம் எப்படி நடக்கும்னு எழுதி வெச்சிருக்கார். தலைமை முறை வெச்சு மாறும், ஒரே ஆள் கிடையாது. புத்தகத்துல ஒரு பகுதிய வாசிச்சு நிறுத்துவாங்க, கருத்து சொல்றவங்க உக்காந்த இடத்துலருந்தே சொல்லலாம், எந்திரிச்சு நிக்க வேணாம். மறுபடி கொஞ்சம் வாசிப்பு, மறுபடி அழைப்பு. மூணாவது அழைப்பு அதுவரைக்கும் பேசாதவங்களுக்கு. கடைசியில பொது விவாதம், அதுல பேச நினைக்கிற எல்லாரும் ஒரு தடவ பேசி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் ரெண்டாவது வாய்ப்பு கிடையாது.

இத அப்படியே எடுத்துக்கிட்டோம். எனக்கு முதல்ல நம்பிக்கை இல்ல, எந்திரிக்காம பேசுறதுல என்ன பெருசா மாறிடும்னு நெனச்சேன். மாறுச்சு தோழர்களே. எந்திரிச்சு நின்னா அது சொற்பொழிவு, உக்காந்து சொன்னா அது பேச்சு. மூத்தவங்களுக்கு உக்காந்தா நீட்டி முழக்க வரல, புதுசா வந்தவங்களுக்கு உக்காந்தா பயம் வரல.

பாரிஸ் கம்யூன், அதாவது பாரிஸ் நகரத்துத் தொழிலாளிங்க எழுந்து அமைச்ச ஆட்சி, அது பத்தி வாசிச்ச கூட்டம் எனக்கு மறக்காது. 1871 மார்ச் 18லருந்து மே 28 வரைக்கும் 72 நாள், தெரிஞ்ச கதைதான், அரசு எந்திரத்த உடைக்கிறது, பிரதிநிதிய திரும்ப அழைக்கிற உரிமை, இப்படித்தான் பேச்சு போகும்னு நெனச்சோம். மூணாவது அழைப்புல, மாசக்கணக்கா வாயே திறக்காத ஒரு தோழர், அவங்க ராத்திரி ஷிஃப்ட்ல வேலை பாக்குறவங்க, "ரொட்டி சுடுறவங்களுக்கு ராத்திரி வேலைய நிறுத்துனாங்கன்னு படிச்சீங்களே, அதைப் பத்தி ஏன் யாரும் பேசல"ன்னு கேட்டாங்க. ஏப்ரல் 20 உத்தரவு அது, நாங்க ஒரு வரியில தாண்டிப் போயிருந்தோம். அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அது மட்டும்தான். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல நாம தலையிடலாமான்னு கம்யூனுக்குள்ளயே சில பேர் எதிர்த்ததும், நகைத் தொழிலாளியா இருந்த ஹங்கேரிக்காரர் லியோ பிராங்கெல் அத விட்டுக்குடுக்காம வாதாடுனதும் வந்துச்சு. அந்தத் தோழர் கடைசியா சொன்னது, "ராத்திரி வேலை பாக்குறவ கூட்டத்துக்கு வர முடியாது, கூட்டத்துக்கு வர முடியாதவ புரட்சி பண்ண முடியாது." அன்னைலருந்துதான் ஒரே கூட்டத்த ரெண்டு நேரத்துல போடுறோம், ஒண்ணு காலை ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு, ஒண்ணு ராத்திரிக்காரங்களுக்கு. இதுல செயலாளருக்கு வேலை ரெண்டு மடங்கு, அது வேற கதை.

இப்ப நான் நாலு தடவ அடிச்சு எழுதுன விஷயம்.

வருஷ நடுவுல பெரிய சங்கங்கள் சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவிச்சாங்க. நோட்டீசுல நம்ம பேரும் போடணுமா வேணாமான்னு பேச்சு வந்துச்சு. போடணும்னு சொன்னவங்க அதிகம், நானும் அதுல ஒருத்தன். வேணாம்னு சொன்னவங்க வேலைநிறுத்தத்துக்கு எதிரி இல்ல. ஒரு நாள் நின்னுட்டு மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி உள்ள போறது வருஷா வருஷம் சடங்கு ஆயிருச்சு, காண்ட்ராக்ட் ஆளுக்கு அன்னிக்கு வேலையே போயிரும், அவனுக்கு என்ன பாதுகாப்புன்னு ஒரு வரியாவது நோட்டீசுல இருந்தாதான் பேர் போடலாம்னு சொன்னாங்க. ஓட்டுல தோத்தாங்க. எங்க காரணத்த மினிட்ஸ்ல எழுதுங்கன்னு கேட்டாங்க, சரின்னு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எழுதும்போது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதிட்டேன். வெளியில பாக்குறவங்களுக்கு ஒற்றுமையா தெரியணும்னு நானே எனக்கு ஒரு நியாயம் சொல்லிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவங்கள்ல மூணு பேர் வர்றத நிறுத்திட்டாங்க. வேலை இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன், வசதியா.

ரெண்டு மாசம் கழிச்சு 1914 ஆகஸ்ட் பத்தின வாசிப்பு. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்துல போர்க்கடனுக்கு, அதாவது போர் நடத்த அரசு கடன் வாங்குறதுக்கு, ஆதரவா ஓட்டுப் போட்டது ஆகஸ்ட் 4. அதுக்கு முந்தின நாள் கட்சி உறுப்பினர்களோட உள்கூட்டத்துல 78 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. ஆனா மறுநாள் சபையில எல்லாரும் ஒண்ணா ஆதரிச்சாங்க, கட்டுப்பாடுன்னு. போர எதிர்த்த உறுப்பினர் கார்ல் லீப்னெக்ட்டும் அன்னிக்கு அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஓட்டுப் போட்டார். கொடுமை என்னன்னா, உள்ள எதிர்த்த ஹூகோ ஹாசேவே கட்சித் தலைவர்ங்கிறதால சபையில எந்திரிச்சு ஆதரவு அறிக்கைய வாசிச்சார். சபைய மட்டும் பாத்த தொழிலாளிக்கு அந்த 14 பேர் இருந்ததே தெரிஞ்சிருக்காது. டிசம்பர் 2ல லீப்னெக்ட் தனி ஆளா எதிர்த்து ஓட்டுப் போட்ட பிறகுதான் சபையில எதிர்ப்பு ஓட்டுன்னு ஒண்ணு விழுந்துச்சு, அதுக்குள்ள நாலு மாசத்துல எத்தனையோ பேர் செத்தாச்சு.

வாசிச்சு முடிச்சதும் ஒரு தோழர் பழைய மினிட்ஸ் நோட்ட எடுத்து என் முன்னாடி வெச்சார். ஒண்ணும் சொல்லல. பக்கத்த மட்டும் திறந்து வெச்சார்.

ரெண்டையும் ஒரே தராசுல வெக்கல நான். அது உலகப் போர், இது ஒரு நோட்டீசு. ஆனா பழக்கம் ஒண்ணுதான். அந்த மூணு பேர் வீட்டுக்கும் போய்ப் பேசினேன். ரெண்டு பேர் திரும்ப வர்றாங்க. ஒருத்தர் வரல, அவர் வராததுக்குக் காரணம் நான்தான்னு இங்க பதிவு பண்றேன்.

இதுலருந்து கிளம்புன விவாதம் இன்னும் முடியல. அப்போ கட்டுப்பாடே வேணாமான்னு சில தோழர்கள் கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். 1921 மார்ச்ல, ரஷ்யாவுல ஆட்சியில இருந்த போல்ஷெவிக் கட்சியோட பத்தாவது மாநாடு உள்கட்சிக் குழுக்களத் தடை பண்ணுனத ரெண்டு கூட்டத்துல பேசினோம். ஒரு பக்கம், உள்நாட்டுப் போர் முடிஞ்சும் முடியாம, பட்டினி, குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்துல மாலுமிங்க கிளர்ச்சி, மாநாட்டுப் பிரதிநிதிங்களே ஏறக்குறைய 300 பேர் பனிக்கட்டி மேல நடந்து அத அடக்கப் போன நேரம், அப்ப வேற வழி என்னன்னு. இன்னொரு பக்கம், தற்காலிகம்னு போட்ட தடை எப்ப எடுத்தாங்கன்னு சொல்லுங்க, கட்சிக்குள்ள தொழிலாளர் எதிர்ப்பணிங்கிற குழுவுல நின்ன உலோகத் தொழிலாளி ஷ்லியாப்னிகோவ 1937ல சுட்டுக் கொன்னாங்களே அதுக்கு பதில் என்னன்னு. நாலு பேர் குரல் உசந்துச்சு, யாரும் வெளிநடப்பு பண்ணல. என் கருத்து, ஒரு கட்சிக்கு அந்த மாதிரி கட்டுப்பாடு வேணுமாங்கிறது தனி வாதம், பேசுறதுக்குன்னே வெச்ச இடத்துக்கு அது நிச்சயமா வேணாம். இது என் கருத்து மட்டும்தான், சங்கத்தோட நிலைப்பாடு இல்ல, மறுப்பு இருந்தா எழுதிக் குடுங்க, இந்தத் தடவ கண்டிப்பா நோட்டுல ஏறும்.

திறந்த இடம்னா உளவு பாக்குறவனும் வருவானேன்னு ஒரு கவலை அடிக்கடி வருது. வருவான். அந்த லண்டன் சங்கத்துக்குள்ளயும் அரசாங்க உளவாளிங்க உக்காந்திருந்தாங்க, ஹார்டி மேல 1794ல ராஜதுரோக வழக்கே போட்டாங்க, ஜூரி விடுதலை பண்ணிட்டாங்க, 1799ல பேர் சொல்லியே சங்கத்தத் தடை பண்ணாங்க. வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு வரலாறு எழுதுறவங்க அந்தச் சங்கத்துல என்ன பேசுனாங்கன்னு தெரிஞ்சுக்க அந்த உளவாளிங்க எழுதுன குறிப்பையும்தான் புரட்டுறாங்க. நம்ம கூட்டத்துல அப்படி ஒருத்தன் இருந்திருந்தா அவன் குறிப்பு என் மினிட்ஸ விட நேர்மையா இருந்திருக்கும். நாம முடிவு பண்ணது, வேலையிடத்துல யார் என்ன பண்றாங்க, யார் பேர் என்னங்கிறத இங்க பேச வேணாம், கருத்த ஒளிக்கவும் வேணாம்.

ஒருத்தர மட்டும் இந்த வருஷம் வர வேணாம்னு சொன்னோம். கருத்துக்காக இல்ல, ஒரு பெண் தோழர் பேசும்போது கேவலமா கிண்டல் பண்ணினதுக்காக. திறந்த இடம்னா யார் யார வேணா மட்டம் தட்டலாம்னு அர்த்தம் இல்ல. மன்னிப்பு கேட்டா திரும்ப வரலாம்னு சொல்லியிருக்கோம், இன்னும் கேக்கல.

வர்றவங்க எண்ணிக்கை கம்மின்னு பொருளாளர் வருத்தப்படுறார். 1915ல சுவிட்சர்லாந்துல போர எதிர்த்த சோசலிஸ்டுங்க கூடுன சிம்மர்வால்டு மாநாட்டுக்கு வந்தது 38 பேர், போர எதிர்க்கிற சர்வதேசவாதிங்க மொத்தமும் நாலு வண்டியில அடங்கிட்டாங்கன்னு டிராட்ஸ்கி எழுதியிருக்கார், ஹோட்டல்ல ரூம் போட்டதே பறவை ஆராய்ச்சி சங்கம்னு சொல்லித்தான். நமக்கு அவ்வளவு கூட கஷ்டம் இல்ல. ஆனா இத சாக்கா வெச்சு சோம்பேறியா இருக்கக் கூடாது, ராத்திரிக்காரங்க கூட்டத்துக்கு இன்னும் ஆள் சேக்கணும்.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பார். எந்தக் கட்சிக்கிட்டயும் எந்தச் சங்கத்துக்கிட்டயும் காசு வாங்கல, அது மட்டும் நான் சொல்லிடுறேன்.

கடைசியா, வருஷ நடுவுக் கூட்ட மினிட்ஸ்ல ஏகமனதாகங்கிற வார்த்தைய அடிச்சுட்டு பெரும்பான்மைன்னு மாத்தவும், மாறுபட்டவங்க எழுதிக் குடுத்த குறிப்ப கூட சேக்கவும் சபையோட அனுமதி கேக்குறேன். குறிப்பு ரெண்டு பக்கம் இருக்கு, அத எழுதுனவங்களே இப்ப வாசிப்பாங்க, உக்காந்த இடத்துலருந்தே.