குழாய் மாட்டிய பிறகு எவ்வளவு காற்று? டஸ்ட் கலெக்டர் தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோவையிலும் பிற ஊர்களிலும் மரப்பட்டறைகளில் தூளை உறிஞ்சி எடுக்கும் டஸ்ட் கலெக்டர்களைச் செய்பவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

ஈரோட்டில் என் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மரவேலை செய்கிறேன். பத்துக்குப் பதினான்கு அடி இடம். மரம் அறுக்க ஒரு டேபிள் சா, ஒரு பேண்ட் சா, இழைக்க ஒரு பிளேனர், கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டர். இந்தக் கொட்டகைக்கு ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் டஸ்ட் கலெக்டர், வாங்குவதற்காக உங்கள் விலைப்பட்டியல்களைப் படித்துவருகிறேன். மோட்டாரின் குதிரைத்திறன் இருக்கிறது, பையின் கொள்ளளவு இருக்கிறது, வண்ணம்கூட இருக்கிறது. எனக்கு வேண்டிய ஓர் எண் மட்டும் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை. குழாய், சைக்ளோன், வடிகட்டி எல்லாம் மாட்டிய பிறகு அந்த இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும்?

நீங்கள் அச்சிடும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) எண், வாயைத் திறந்துவைத்து, எதையும் மாட்டாமல் புளோயரை, அதாவது காற்றை இழுக்கும் விசிறியை, ஓடவிட்டால் கிடைப்பது. அப்படி யாரும் அதை ஓட்டப்போவதில்லை. ஒரு வளைவு, பத்தடி நெளிகுழாய், சைக்ளோன், வடிகட்டி என்று ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும். அதுவும் நெளிகுழாய், உள்ளே வழவழப்பான குழாயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடுக்கும். விசிறியின் திறமை தெரிவது இந்தத் தடையை எதிர்த்து இழுக்கும்போதுதான். தடையை அங்குல நீரழுத்தத்தில், அதாவது எத்தனை அங்குல உயர நீரைத் தாங்கும் அழுத்தம் என்று, அளப்பார்கள் என்பதும், 4, 6, 8 அங்குலத்தில் விசிறி எவ்வளவு காற்று தருகிறது என்பதை ஒரு வரைபடத்தில் காட்டிவிடலாம் என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆலைகளுக்குப் பெரிய புளோயர் விற்கும்போது அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டுக் கொட்டகைக்காரனுக்கு அது எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டு இயந்திரங்களை விற்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலைவு; மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. அங்கே விசிறி நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்று சுற்றும். நம் 50 ஹெர்ட்சில் அதே வகை மோட்டார் 2,850 சுற்றுதான். காற்றின் அளவு ஆறில் ஒரு பங்கு குறையும். அழுத்தமோ ஏறக்குறைய 30 சதவீதம் சரியும். அங்கே 14 அங்குல விசிறி தரும் அழுத்தத்தை இங்கே பெற, கிட்டத்தட்ட 17 அங்குல விசிறி வேண்டும். நீங்கள் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எண் எந்த நாட்டு மின்சாரத்துக்கானது? கடையில் இதைக் கேட்டபோது, “சார், எல்லாம் ஒன்றுதான்” என்று பதில் வந்தது. ஒன்றல்ல.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், அப்பகுதியின் மரத்தொழிலாளர்களிடம் அரிதான ஒருவகை மூக்குப் புற்று அதிகமாகத் தென்படுவதைக் கவனித்தார். 1968இல் அது ஆய்வாக வெளிவந்தது. 1995இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புற்று அரிது என்பதால் யாரையும் மிரட்ட விரும்பவில்லை. ஆனால் இளைப்பும் ஓயாத மூக்கடைப்பும் தோல் அரிப்பும் அரிதல்ல. தேக்குத் தூள் பட்டுக் கை தடித்துப்போன ஆசாரிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இப்போது பிளைவுட்டும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் சேர்ந்துகொண்டன. அவற்றை அறுத்தால் தூளோடு பசையும் பறக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் சீவல் கெடுதல் செய்வதில்லை, பெருக்கினால் போய்விடும். பத்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சோடு உள்ளே இறங்கும். நாலு அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 4,000 அடி வேகத்தில் காற்று ஓடினால் 350 கன அடி கிடைக்கும். சீவலை அள்ள அது போதும். நுண்தூள் வெளியே சிதறும் முன் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். அதே வேகத்தில் ஆறு அங்குலக் குழாய் 785 கன அடி கொடுக்கும். நம் ஊர்க் கடைகளில் 160 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் தாராளமாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் வீட்டுக்கான பல சைக்ளோன்களுக்கு நாலு அங்குல வாய் வைக்கிறீர்கள்? வாய் குறுகினால் பின்னால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் வீண்.

சைக்ளோன் வேலை செய்யும் விதத்தையும் வாங்குபவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. கனமான தூள் சுவரில் மோதி, கூம்பு வழியாகக் கீழே தொட்டியில் விழுகிறது. காற்று நடுக்குழாய் வழியாக மேலே ஏறிப் போகிறது. சீவலையும் தடித்த தூளையும் அது அருமையாகப் பிரித்துவிடும், வடிகட்டி சீக்கிரம் அடைபடாது. ஆனால் நுண்தூளின் ஒரு பகுதி காற்றோடு மேலே போகத்தான் செய்யும். “சைக்ளோன் இருந்தால் வடிகட்டி தேவையில்லை” என்று உங்கள் ஆட்கள் சொல்வதை நிறுத்த வேண்டும். தொட்டி மூடியில் நூலளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே காற்று புகுந்து, விழுந்த தூளை மறுபடி கிளப்பிவிடும். ஆகவே நல்ல ரப்பர் பட்டையும், தூள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிச் சாளரமும் கொடுங்கள். பெரிய செலவில்லை.

மலிவான இயந்திரங்களோடு வரும் 30 மைக்ரான் துணிப்பை எனக்குக் கோபமூட்டுகிறது. அது தூளைப் பிடிப்பதில்லை. பெரியதைத் தடுத்து, மோசமான நுண்தூளை மட்டும் கொட்டகை முழுவதும் சீராகத் தூவுகிறது. வாங்கியவர் தரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து முகமூடியைக் கழற்றிவிடுகிறார். பையின் மைக்ரான் அளவையும், அந்த அளவுத் தூளில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்பதையும், துணியின் மொத்தப் பரப்பையும் அச்சிடுங்கள்.

நம் ஊருக்கு வாய்த்த ஒரு வசதியை நீங்கள் யாரும் சொல்வதே இல்லை. குளிர் நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராமல், அதை வடிகட்டி, அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாத திசை கிடைத்தால், சைக்ளோனைக் கடந்த காற்றை நேரே வெளியே விடலாம். அதற்கு ஈடான புதுக்காற்று உள்ளே வர ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும். வடிகட்டியின் விலையும் தடையும் இரண்டுமே மிச்சம். தோட்டம் சூழ்ந்த வீடுகளுக்கு இப்படி ஒரு மாதிரி செய்து விற்கலாமே. நெருக்கமான தெருக்களுக்கு வடிகட்டியோடு கூடியது. இரண்டும் ஒருமுனை மின்சாரத்தில் ஓட வேண்டும். எங்களில் பலருக்கு மும்முனை இணைப்பு இல்லை.

கைச் சாண்டருக்கு இது எதுவும் உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதன் சிறிய துளை வழியாக இழுக்க அழுத்தம் மிகுந்த வாக்குவம் கிளீனர் வேண்டும். வாளி மேல் மாட்டும் சின்னப் பிளாஸ்டிக் சைக்ளோன் அந்த வேலைக்கு மிகப் பொருத்தம். அதையே பிளேனருக்கும் போதும் என்று விற்பது சரியல்ல.

கோவைக்காரர்களுக்குப் புளோயரும் மோட்டாரும் புதிதல்ல. இரண்டு மூன்று குதிரைத்திறனில், 50 ஹெர்ட்சுக்கென்றே அளந்து செய்த பெரிய விசிறியும் ஆறு அங்குல வாயும் உள்ள ஒரு சைக்ளோனை நீங்கள் செய்தால், வெளிநாட்டுப் பெட்டிக்காக நாங்கள் காத்திருக்க மாட்டோம். முதல் படியாக, உங்கள் விற்பனைக் கூடத்தில் ஓர் இயந்திரத்தோடு பதினைந்தடிக் குழாயையும் ஒரு வளைவையும் மாட்டி வையுங்கள். பக்கத்தில் காற்றுவேகமானி ஒன்றும், அழுத்தம் அளக்க நீர் நிரப்பிய கண்ணாடி வளைகுழாய் ஒன்றும் இருக்கட்டும். அளந்து பார்த்து வாங்க நான் வருகிறேன். என்னைப்போல் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வீட்டு மரவேலைக்காரன்