மே மாதம் வேண்டாம், ஆவணி கடைசியில் வாருங்கள்

எஸ்லிங்கன், ஜெர்மனி,
ஐப்பசி கடைசி வாரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, அப்பா, சித்தப்பா வீட்டில் எல்லோரும் நலம்தானே? செங்கோட்டையில் அடைமழை என்று அண்ணன் வீடியோ அனுப்பியிருந்தான். பின்னால் தவளைச் சத்தம் கேட்டது. சின்னவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்குப் போனில், “குளிர் காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே என்னதான் செய்வீர்கள்?” என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதோடு இன்னொரு விஷயம். அண்ணன் அடுத்த மே மாதத்துக்கு உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் பார்க்கிறானாம். வேண்டாம் என்று சொல். நம் ஊர் வெயிலுக்குத் தப்பலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் இந்த மாநிலத்தில் பள்ளிக்கூடம் ஜூலை கடைசி வரை உண்டு. பிள்ளைகள் அங்கே, நாங்கள் வேலையில். ஜூனில் ராத்திரி ஒன்பதரை ஆனாலும் பொழுது அடையாது, தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்து படுக்கவைப்பதே பெரும்பாடு. வீட்டில் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடுவது அபூர்வம். நீங்கள் ஊரைப் பார்க்கவா வருகிறீர்கள்? ஆவணி கடைசியில் வாருங்கள். கார்த்திகை பிறப்பதற்குள் திரும்பிவிடலாம். விசா 90 நாள் வரை தருவார்கள், அதற்குள் தாராளமாக அடங்கும்.

குளிருமே என்பாய். செப்டம்பரில் காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி, மதியம் இருபது. ஆடிச் சாரலில் நனைந்த முந்தானையோடு புறவாசலில் நின்று பாத்திரம் விளக்குகிறவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அக்டோபரில் ஹீட்டர் வந்துவிடும். ஒரே ஒரு கஷ்டம், தினமும் காலையில் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிஷம் போட வேண்டும், வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்த ஐந்து நிமிஷம் நீ போர்வைக்குள் இருந்துகொள்.

மூத்தவள் ஒன்றாம் வகுப்புக்குப் போன கதையைப் போட்டோவில் பார்த்திருப்பாய். ஓணம் கழிந்த கையோடு இங்கே பள்ளிக்கூடம் திறந்தது. அவள் கையில் பிடித்திருந்ததே ஒரு பெரிய அட்டைக் கூம்பு, அது என்ன என்று அப்பா கேட்டார்கள். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் செய்து கொடுப்பது. உள்ளே மிட்டாய், பென்சில், அழிப்பான், சின்னச் சின்னச் சாமான் எல்லாம் போட்டு வாயைக் கட்டி, விழா முடிந்து வீட்டுக்கு வந்துதான் பிரிக்க விடுவார்கள். நான் அடியில் நீ அனுப்பிய கோவில்பட்டி கடலை மிட்டாயையும் முறுக்கையும் வைத்தேன். சாக்லேட் எல்லாம் இன்னும் டப்பாவில் கிடக்கிறது, முறுக்கு அன்றைக்கே காலி. அப்புறம் விஜயதசமி அன்று உன் மாப்பிள்ளை தாம்பாளத்தில் அரிசி பரப்பி, சின்னவனை மடியில் வைத்து எழுதவைத்தார். அவர் ஊர் ஆரியங்காவு வழக்கப்படி முதலில் ஹரிஸ்ரீ, எனக்காக அடுத்து ஓர் அ. இந்த இரண்டையும் பார்க்க நீங்கள் இல்லையே என்றுதான் அன்று முழுக்க இருந்தது. அடுத்த விஜயதசமிக்கு இருந்தால் அப்பாவே எழுதவைக்கலாம்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, உனக்கும் அவர்களுக்கும் நன்றாக ஒத்துப்போகும். இந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் பெருக்குவது ஒரு வெறி. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்கு முறை, அந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். மாடிப்படி, வாசல், நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோடையில் பேருக்குத் துடைத்தால் போதும். இலை உதிர ஆரம்பித்தால் தப்பிக்க முடியாது. ஈர இலையில் யாராவது வழுக்கி விழுந்தால் நம்மைத்தான் கேட்பார்கள். பெருக்கி முடித்து நிமிர்ந்தால் மரம் இன்னொரு கை உதறியிருக்கும். மஞ்சளும் செம்மண் நிறமுமாக, நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்டு, துடைப்பத்துக்கு வராது. பாட்டி ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். மூலையில் ஒரு இலை விட்டால் விரலை நீட்டுவார்கள். நீ வந்தால் ஜன்னலில் இரண்டு பேர்.

ஆனால் அதே பாட்டிதான் செப்டம்பரில் பிளம் கேக் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு விற்கிறார்களே, அது இல்லை. இங்கே செப்டம்பரில் ஒரு சின்ன நீள பிளம் வரும். கருநீலம், மேலே சாம்பல் பூத்தது போல ஒரு படலம், விரல் பட்ட இடம் மட்டும் பளபளக்கும். ஈஸ்ட் போட்டுப் புளித்த மாவைத் தட்டு முழுக்கப் பரப்பி, பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, விரித்தவாக்கில் வரிசையாகச் சாய்த்துச் சாய்த்து அடுக்க வேண்டும். நான் இடைவெளி விட்டு வைத்தேன். பாட்டி எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிட்டு, மீதி இடத்தில் இன்னும் ஒரு கிலோ அடுக்கினார்கள். வெந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பழம் சுருங்கி, சாறு மாவில் இறங்கி, ஓரம் மட்டும் மொறுமொறு என்று நிற்கிறது. மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். புளிப்புதான் முன்னால் நிற்கும், அதனால் உனக்குப் பிடிக்கும். அப்பா இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பார்கள், கொடுக்காதே.

அக்டோபரில் ஆப்பிள். எங்கள் ஊரைச் சுற்றி மேட்டில் திராட்சைத் தோட்டம், அதைத் தாண்டினால் புல்வெளியில் பழைய ஆப்பிள் மரங்கள் அங்கங்கே நிற்கும். நிறையப் பேருக்குப் பறிக்க ஆள் இல்லை. அந்த மாதிரி மரத்தில் சொந்தக்காரர் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுவார். அப்படிக் கட்டியிருந்தால் யாரும் போய் வீட்டுக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம், கேட்கவே வேண்டியதில்லை. உன் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் இரண்டு குடும்பத்தோடு சேர்ந்து போனோம். கடையில் விற்கிற ஆப்பிள் போல இருக்காது. கோணலாக, சொறியும் புள்ளியுமாக, கடித்தால் துவர்க்கும். ஆனால் சாறுக்கு அதுதான் ருசி. சாக்குகளில் கட்டி ஆலைக்குக் கொண்டுபோனால், நம் எள்ளைச் செக்கில் கொடுத்து நம் எண்ணெயை வாங்கி வருவது மாதிரி, நம் பழத்தின் சாறு நமக்கு. கழுவி, அரைத்து, பிழிந்து, சூடாக்கிப் பையில் அடைத்துத் தருகிறார்கள். 100 கிலோ பழத்துக்கு 60, 70 லிட்டர் வரும். குழாயில் விழும்போது வெளிறிய பச்சை. டம்ளரில் பிடித்துக் குளவியை விரட்டிவிட்டு வாயில் வைப்பதற்குள் பழுப்பாகிவிடுகிறது. பை பிரிக்காமல் இருந்தால் ஒரு வருஷம் தாங்கும். கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். சின்னவன் ராத்திரி தூங்குமுன் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.

அடுத்ததை அப்பாவுக்குச் சத்தமாக வாசிக்காதே. திராட்சை அறுவடை தொடங்கியதும் பாதி புளித்த புது ஒயின் சில வாரம் மட்டும் விற்பார்கள். பொங்கிக்கொண்டே இருப்பதால் பாட்டிலுக்கு இறுக்கமான மூடி கிடையாது. படுக்கவைத்தால் பை முழுக்க வழியும், அதனால் பஸ்ஸில் ஆட்கள் அதைக் கைக்குழந்தை போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு அடை. எனக்கு அடை போதும். உன் மாப்பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

பூசணிக்காய்க்கும் இதுதான் காலம். வயல் ஓரத்தில் வண்டியில் குவித்து, விலை எழுதி, பக்கத்தில் ஒரு உண்டியலை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் கிடையாது, நாமே காசைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னதாகச் செக்கச்செவேல் என்று ஒரு வகை இருக்கிறது, தோல் சீவவே வேண்டாம். அதில் எரிசேரி வைத்தேன், கடைசியில் தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்துப் போட்டு. மாமியார் வீடியோவில் பார்த்துவிட்டு நிறம் அருமை என்றார்கள். ருசி உன்னுடையதுக்குக் கிட்ட வரும், மேலே போகாது. அப்பாவைக் கூட்டிப்போக ஓர் இடம் இருக்கிறது. பக்கத்தில் லுட்விக்ஸ்பர்க் அரண்மனைத் தோட்டத்தில் வருஷா வருஷம் பூசணிக் கண்காட்சி. ராட்சதப் பூசணியைக் குடைந்து, அதற்குள் ஆள் உட்கார்ந்து குளத்தில் துடுப்புப் போட்டுப் போட்டி நடத்துகிறார்கள். நம்பமாட்டார்கள், நேரில் காட்ட வேண்டும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள், ராத்திரி மூன்று மணியை மறுபடி இரண்டு ஆக்கி. ஊரே ஒரு மணி நேரம் கூடத் தூங்கும். எனக்கு நைட் டியூட்டி, ஒரு மணி நேரம் கூட வேலை. முதல் இரண்டு மணிக்குக் கொடுத்த மருந்தை 2ஏ என்றும், அடுத்த இரண்டு மணிக்குக் கொடுத்ததை 2பி என்றும் எழுதினேன். இனி நீ ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எங்களுக்கு மதியம் மூன்றரை, நாலரை இல்லை. அப்பாவிடமும் சொல்.

நவம்பர் 1 இங்கே விடுமுறை. இறந்தவர்களை நினைக்கிற நாள், கல்லறைகளில் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்கு வைக்கிறார்கள். எனக்கு அந்தத் தேதி வந்தால் தாத்தா நினைவுதான். 1956-இல் அதே நாளில் மாநிலங்களைப் பிரித்தபோதுதானே நம் ஊர் மெட்ராஸ் பக்கமும், ஆரியங்காவும் மலைக்காடும் கேரளாப் பக்கமும் ஆனது. “ராத்திரி கேரளாவில் படுப்பேன் என்று நினைத்தேன், மெட்ராஸில் படுத்தேன்” என்பாரே. உன் மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம் நின்றுபோனதை இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் 11-ஆம் தேதி சின்னவனுக்கு விளக்கு ஊர்வலம். பாலர் பள்ளியில் ஒரு மாதமாகக் காகித விளக்கு செய்தார்கள். அவனுடையது முள்ளம்பன்றி, முள்ளெல்லாம் அவன் பொறுக்கி வந்த இலை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தெரு விளக்கு குறைவான சந்துகளாகப் பார்த்துப் போனோம். முன்னால் குதிரையில் சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவர், பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு. மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர் குளிரில் கிடந்த பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்தாராம், பிற்பாடு புனிதர் ஆனவர். “ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை?” என்று இவன் கேட்டான். “அவருக்கும் குளிருமே” என்றாள் அக்கா. இருவரும் வீடு வரும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் ரசமும் அப்பளமும்.

இவ்வளவுதான் அம்மா வீட்டுக்குள் செய்வது. இருட்டு சீக்கிரம் வருவதால் எல்லோரும் ஆறு மணிக்கெல்லாம் ஒரே அறையில். மூத்தவள் பொறுக்கி வந்த கஸ்தானியா என்ற மரத்தின் கொட்டையில் தீக்குச்சி குத்தி ஆடு, மாடு செய்கிறாள். நான் பால்கனியில் பழுக்காமல் நின்றுபோன தக்காளியைப் பறித்துத் துவையல் அரைக்கிறேன். கறிவேப்பிலைத் தொட்டி வரவேற்பறையில், ஜன்னல் ஓரம், விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில்.

அப்பா என்ன சொல்வார்கள் என்று தெரியும். புரட்டாசியில் கார் அறுப்பு, ஐப்பசியில் பிசான நடவு, இதை விட்டுவிட்டு எப்படி வர? ஒரு வருஷம் சித்தப்பா நின்று பார்க்கட்டும். நாற்று எப்போது பாவ வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா இங்கிருந்தே போனில் சொல்லப்போகிறார்கள், அது நிச்சயம். சித்தப்பா பாடுதான் பாவம். நடவுக்கு முன்னால் வரப்பு வெட்டுகிற வேலையை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் போதும்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் வளைகுடாவில் ஒருமுறை மாறினால் போதும், சென்னைக்குப் போக வேண்டாம். கொண்டு வருவதில் கவனம். கருவாடு கொண்டு வரலாம். நெய், பால்கோவா, மாமிசம் எதுவும் கூடாது, விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். வாழைப்பழம், தேங்காய் இரண்டுக்கும் தடை இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு கொண்டு வந்தாலும் பத்தாது. அப்பாவின் பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று இன்றைக்கே பார்த்து அண்ணனிடம் சொல். திரும்புகிற தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் மகள்.